போர்ஷே டைகான் மின்சாரக் கார்: எந்த வேரியன்ட் நமக்கு? செட்டிநாட்டு வீட்டுக்கு எடுப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

என் அயித்தான் (அக்கா கணவர்) சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு பள்ளத்தூருக்கே வந்து சேர்ந்தார். வீட்டுக்கு மராமத்து முடிந்த கையோடு என்னைக் கூப்பிட்டு, "தம்பி, டைகான் எடுக்கலாம்னு இருக்கேன். டர்போவா, டர்போ எஸ்ஸா, நீ பாத்துச் சொல்லு" என்றார். அதற்குக் கீழே உள்ளவை அவர் கணக்கிலேயே இல்லை. மூன்று மாதம் அளந்தும் ஓட்டியும் விசாரித்தும் பார்த்துவிட்டுக் கடைசியில் 4எஸ் எடுத்தோம். இன்று வரை அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அந்த மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டதை, இப்போது எடுக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். பணம் இருக்கிறது என்பதற்காகத் தவறான வேரியன்டை எடுத்துவிட்டுப் பிறகு ஷெட்டில் போட்டுப் பூட்டி வைத்திருப்பவர்களை நம் ஊர்களில் பார்க்கிறேன். அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஒரே ஒரு பார்வையை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். நம் ஐயாக்கள் வீடு கட்டியபோது அஸ்திவாரத்தையும் பர்மா தேக்குத் தூணையும் ஒருமுறைதான் போட்டார்கள். சுவரின் சாயத்தைத் தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிக்கொண்டார்கள். காரிலும் எது தூண், எது சாயம் என்று பிரித்துப் பாருங்கள். பேட்டரியின் அளவு, மோட்டார் ஒன்றா இரண்டா, கூரை தகடா கண்ணாடியா, இருக்கையின் வகை, வீட்டு மின்சாரத்தை வாங்கிப் பேட்டரிக்கு ஏற்றும், காருக்குள்ளேயே இருக்கும் சார்ஜர் ஆகியவை தூண். வாங்கிய பிறகு இவற்றை மாற்றவே முடியாது, முடிந்தாலும் கட்டுப்படியாகாது. வீல், மிதியடி, உள்விளக்கு நிறம், பின்னால் ஒட்டியிருக்கும் பெயர் எல்லாம் சாயம்.

முதலில் பெயர்கள்

டைகான் 2019 செப்டம்பரில் அறிமுகமானது. 2024 தொடக்கத்தில் பேட்டரி, மோட்டார், சஸ்பென்ஷன் எல்லாம் மாறி வந்தது. இங்கே நான் பேசுவது அந்தப் புதிய காரைப் பற்றித்தான். பழைய எண்களை வைத்துக்கொண்டு குழம்பாதீர்கள்.

அடிப்படை டைகானில் பின்சக்கரத்துக்கு மட்டும் ஒரு மோட்டார். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 4.8 நொடியில் தொடும். 4எஸ்ஸில் முன்னும் பின்னும் மோட்டார், 544 குதிரைசக்தி, பெரிய பேட்டரியோடு எடுத்தால் 598, வேகம் எட்ட 3.7 நொடி. ஜிடிஎஸ் 3.3 நொடி. டர்போ 884 குதிரைசக்தி, 2.7 நொடி. டர்போ எஸ் 952 குதிரைசக்தி, 2.4 நொடி. அதற்கும் மேலே டர்போ ஜிடி என்று ஒன்று உண்டு. அதன் வைசாக் (Weissach) பேக்கேஜில் பின் இருக்கையே கிடையாது. குடும்பத்தோடு பிள்ளையார்பட்டிக்குப் போக நினைப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

டர்போ என்ற பெயரைப் பார்த்து மயங்குபவர்கள் நிறைய. மின்சாரக் காரில் டர்போசார்ஜர் இல்லை, இருக்கவும் முடியாது. பெட்ரோல் கார் காலத்தில் மேல்தட்டு மாடலுக்கு வைத்த பெயரை அப்படியே தொடர்கிறார்கள். இவற்றில் எவை நம் நாட்டுக்கு வருகின்றன என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், முகவரிடம் அந்த மாடல் ஆண்டின் பட்டியலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வீட்டு வாசல்

ஷோரூமுக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. நம் வீடுகள் தெருமட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டியவை. தெருவுக்கும் கேட்டுக்கும் இடையில் வடிகால், அதன் மேல் கருங்கல் பலகை, அதற்கப்புறம் சரிவு. அம்பாசிடர் ஏறிய சரிவு எல்லாக் காரும் ஏறும் சரிவு இல்லை. டைகானின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.9 மீட்டர். நடுவில் அடிவயிறு முழுக்கப் பேட்டரி.

நாங்கள் செய்த சோதனை இது. ஆசாரியிடம் 2.9 மீட்டர் நீளத்துக்கு வளையாத ஒரு மரச் சட்டம் வாங்கினோம். இரண்டு முனையிலும் 12 செ.மீ. உயரத்துக்குக் கட்டை அடித்தோம், நீளமான முக்காலி போல. அதைத் தெருவிலிருந்து சரிவு வழியாக உள்ளே, ஒவ்வொரு சாணாக நகர்த்தினோம். சரிவு முடிந்து ஷெட் தரை தொடங்கும் மேட்டில், சட்டத்தின் நடுப்பகுதி 'சர்ரக்' என்று சிமென்டில் உரசியது. காராக இருந்தால் அந்த இடத்தில் உரசியது பேட்டரியின் அடித்தட்டு. கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த மேட்டைச் செதுக்கி, சரிவை உள்பக்கமாக இரண்டு அடி நீட்டினோம். ஒருநாள் வேலை.

அகலத்தையும் பாருங்கள். பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்தால் 2.14 மீட்டர் வருகிறது, நீளம் 4.96 மீட்டர். பழைய ஷெட்டுகளில் தூணுக்குத் தூண் இடைவெளி குறைவு. கார் உள்ளே போய்விடும், கதவைத் திறந்து இறங்க இடம் இருக்காது.

2024க்குப் பிறகு, காரின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏர் சஸ்பென்ஷன் எல்லா வேரியன்டிலும் வருகிறது. இதோடு ஸ்மார்ட்லிஃப்ட் என்ற வசதி உண்டு. ஒரு இடத்தில் காரை உயர்த்தியதை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்தமுறை அதே இடம் வந்ததும் தானாக உயர்த்திக்கொள்ளும். உங்கள் வீட்டு வாசலையும் தெருமுனை வேகத்தடையையும் பதிந்து வைத்துவிடலாம். நீங்கள் எடுக்கும் வேரியன்டில் அது சேர்ந்து வருகிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். குதிரைசக்தியைவிட நம் ஊருக்கு இதுதான் பெரிய விஷயம்.

சரிவை எப்படி மாற்றினாலும் அந்த மரச் சட்டம் உரசத்தான் செய்கிறது என்றால், உயரமான கார் பக்கம் போவதே நல்லது. அப்படி உயரமான மின்சாரக் காரான லோட்டஸ் எலெட்ரே 2023 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது மூன்று வேரியன்டில் வந்தது. விலை 2.55, 2.75, 2.99 கோடி. மூன்றிலும் ஒரே 112 யூனிட் (கிலோவாட் மணி) பேட்டரி. கீழ் இரண்டும் 600 கி.மீ. ஓடும் என்றும், உச்ச வேரியன்டான ஆர் 490 கி.மீ. என்றும் சொன்னார்கள். கூடக் கொடுத்து வாங்கினால் தூரம் குறைகிறது. இது அந்தக் கார் ஒன்றுக்கு மட்டும் உரிய குணம் இல்லை.

தூரக் கணக்கு

ஐரோப்பியச் சோதனை முறையில் பெரிய பேட்டரி போட்ட அடிப்படை டைகான் 678 கி.மீ. வரை. டர்போ 630 வரை. இந்த எண்களை நம் சித்திரை வெயிலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சென்னையிலிருந்து காரைக்குடி, திருச்சி வழியாக ஏறக்குறைய 420 கி.மீ. ஏசி முழுதாக ஓட, நால்வழிச் சாலையில் சட்டம் அனுமதிக்கும் 100 கி.மீ. வேகத்தில் போனால், 100 கி.மீ.க்கு 20 முதல் 22 யூனிட் செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை மாடலுக்கும் 4எஸ்ஸுக்கும் பேட்டரி இரண்டு அளவில் உண்டு. சிறியது 89 யூனிட், அதில் நாம் பயன்படுத்தக் கிடைப்பது 82. பெரியது 105 யூனிட், கிடைப்பது 97. 82 யூனிட்டில் 390 கி.மீ. சுற்றி வரும், அதாவது புதுக்கோட்டை தாண்டும்போது நெஞ்சு படபடக்கும். 97 யூனிட்டில் 460 கி.மீ. ஊருக்குள் வந்து சேர்ந்த பிறகும் கொஞ்சம் மிச்சம். டர்போவிலிருந்து மேலே எல்லாமே பெரிய பேட்டரிதான். கீழ் வேரியன்ட் எடுப்பவர்கள் எதைக் குறைத்தாலும் பேட்டரியைக் குறைக்காதீர்கள். நான் உறுதியாகச் சொல்லும் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

நடைமுறையில் வழியில் ஒரு இடத்தில் காபிக்கு நிற்போம், அங்கே சார்ஜ் போடுவோம். இந்தக் கார் 320 கிலோவாட் வரை வாங்கிக்கொள்ளும், 10 சதவீதத்திலிருந்து 80க்கு 18 நிமிடத்தில் போகும் என்பது கம்பெனி சொல்வது. அது அந்த அளவு கொடுக்கும் சார்ஜர் இருந்தால். நம் நெடுஞ்சாலையில் அதிகம் கிடைப்பது 60 கிலோவாட் வகை. அதில் அதே அளவு ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடிப்படை மாடல் எடுத்தாலும் டர்போ எஸ் எடுத்தாலும் அந்த ஒரு மணி நேரம் மாறாது. இன்னொன்று, இது 800 வோல்ட் கார். 400 வோல்ட் வரை மட்டுமே தரும் பழைய சார்ஜரில் வேகம் இன்னும் குறையும். அப்படிப்பட்ட சார்ஜரில் எத்தனை கிலோவாட் வரை எடுக்கும் என்று ஆர்டர் போடும்போதே கேளுங்கள்.

காரைக்குடிக்காரர்களுக்குப் பேட்டரியைப் பற்றி வெளியூர்க்காரர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) நம் ஊரிலேயே இருக்கிறது. லித்தியம் பேட்டரியில் ஆராய்ச்சி நடக்கும் இடம். லித்தியம் பேட்டரிக்கு ஆகாதது வெப்பமும், நிறைந்த நிலையில் நாட்கணக்கில் கிடப்பதும். அன்றாட ஓட்டத்துக்கு 80 சதவீதத்தில் நிறுத்துங்கள், நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் 100 வையுங்கள். வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர்கள் பாதி அளவில், நிழலில் நிறுத்திவிட்டுப் போங்கள். பெரிய பேட்டரியின் அருமை இங்கேயும் தெரியும். 80 சதவீதத்திலேயே மதுரைக்கு இரண்டு தடவை போய் வரலாம்.

மின்வாரியமும் எர்த்தும்

97 யூனிட் பேட்டரியை 11 கிலோவாட் சார்ஜரில் காலியிலிருந்து நிரப்ப ஏறக்குறைய பத்து மணி நேரம், ஓர் இரவு. அதற்கு மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும். ஒற்றை ஃபேஸில் 7.4 கிலோவாட் போட்டால் பதினான்கு மணி நேரம். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் ஒரு நாளுக்கும் மேல். உங்கள் மின்வாரிய அட்டையில் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று பாருங்கள். வீட்டில் நான்கு ஏசி ஓடும்போது மேலே 11 கிலோவாட் தாங்காது. கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பம் கொடுத்து, அது கிடைத்த பிறகு காரை டெலிவரி எடுங்கள்.

எர்த்து விஷயத்தில்தான் எங்களுக்கு மூக்கு உடைந்தது. சுவர் சார்ஜரை மாட்டி இணைத்ததும் சிவப்பு விளக்கு. எலக்ட்ரீசியன் மீட்டரை வைத்துப் பார்த்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 14 வோல்ட் காட்டியது. சில வோல்ட்டுக்கு மேல் போனாலே இந்தச் சார்ஜர்கள் வேலை செய்ய மறுக்கும், பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நம் செம்மண், செம்பூரான் பாறை கோடையில் ஈரமில்லாமல் காய்ந்துவிடும், பழைய எர்த்து குழி வேலை செய்யாது. ஷெட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ரசாயன எர்த்து இரண்டு இறக்கிய பிறகுதான் பச்சை விளக்கு எரிந்தது. சார்ஜருக்குத் தனி ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), மீட்டரிலிருந்து தனி கேபிள். வேறு எதனோடும் சேர்க்க வேண்டாம்.

வீலும் பிரேக்கும்

அடிப்படை மாடலிலும் 4எஸ்ஸிலும் 19 அங்குல வீல். டர்போவில் 20, டர்போ எஸ்ஸில் 21. பெரிய வீல் பார்க்க அழகுதான். ஆனால் டயரின் ஓரத்தில் எழுதியிருப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 19 அங்குலத்தில் முன் டயர் 225/55, அதாவது 225 மி.மீ. அகலத்தில் 55 சதவீதம், ரப்பரின் உயரம் 12.4 செ.மீ. 21 அங்குலத்தில் 265/35, உயரம் 9.3 செ.மீ. மூன்று செ.மீ. ரப்பர் குறைகிறது. மழைக்குப் பிறகு கண்மாய்க்கரைச் சாலையில் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கும்போது ரிம் வளையாமல் காப்பாற்றுவது அந்த மூன்று செ.மீ.தான். எங்கள் பங்காளி ஒருவர், வேறொரு கம்பெனி கார், மெல்லிய டயர், கார்த்திகை மாதத்தில் ஒரே இரவில் இரண்டு ரிம் போய் நடுரோட்டில் நின்றார். டைகானில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் ஒட்டும் பசையும் காற்றடிக்கும் கருவியும்தான். ரிம் வளைந்தால் பசை உதவாது. மேல் வேரியன்ட் எடுத்தாலும், கிடைக்குமானால் சிறிய வீலை எழுதச் சொல்லுங்கள்.

பிரேக்கில் டர்போ எஸ் செராமிக் தட்டோடு வருகிறது, தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் மஞ்சள். டர்போவில் டங்ஸ்டன் கார்பைடு பூசிய தட்டு, வெள்ளைக் காலிப்பர். இரண்டும் நல்ல பொருட்கள். ஆனால் மின்சாரக் காரில் அன்றாடம் வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் மோட்டார்தான், அந்தச் சக்தி பேட்டரிக்கே திரும்பிப் போகிறது. டைகானில் இது 400 கிலோவாட் வரை. தேவகோட்டைக்குப் போய் வரும் காரில் செராமிக் பிரேக்குக்கு வேலையே இருக்காது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ சுற்று சுற்றாக ஓட்டுபவருக்கு அது வேண்டும். அவருக்கு டர்போ எஸ் நியாயமான தேர்வு.

யார் எங்கே உட்காருவார்கள்

டெஸ்ட் டிரைவுக்கு ஆச்சியின் (அக்காவின்) மாமியாரையும், அதாவது என் அயித்தையையும் கூட்டிப்போனோம். என் அயித்தைக்கு 76 வயது, முழங்கால் வலி. பின் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். கொண்டை கூரையில் தட்டியது. "எனக்கு இது சரிப்படாது தம்பி, நான் பஸ்ஸிலயே வாரேன்" என்றார்கள். பிறகு முன் இருக்கையை மோட்டாரில் முழுதாக உயர்த்தி, பின்னுக்குத் தள்ளி, முதலில் உட்கார்ந்து அப்புறம் காலை உள்ளே எடுக்கச் சொன்னோம். ஏறிவிட்டார்கள். அன்றைக்கு முடிவானது அந்த இருக்கைதான். டர்போ எஸ்ஸில் வரும் 18 வழி ஸ்போர்ட்ஸ் இருக்கைக்கு இரண்டு பக்கமும் உயர்ந்த மேடு உண்டு. வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஓட்டுபவரை இறுக்கிப் பிடிக்கும். முழங்கால் வலிக்காரர் அந்த மேட்டைத் தாண்டி ஏறி இறங்க முடியாது. 14 வழி கம்ஃபர்ட் இருக்கை தட்டையானது. இது பிறகு மாற்ற முடியாத தூண்.

பின் இருக்கையில் காலை வைக்கப் பேட்டரியில் ஒரு குழிவு விட்டிருக்கிறார்கள், இளைஞர்கள் வசதியாக உட்காரலாம். சாமான் பரப்பும் கல்யாணத்துக்குச் சீர் ஏற்றிப் போக இந்தக் கார் ஆகாது, முன்பக்கப் பெட்டி சிறியதுதான்.

கூரை விஷயத்தில் என் கருத்து, கண்ணாடி வேண்டாம். நண்பகலில் பட்டமங்கலம் கோவில் வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் தெரியும். கண்ணாடிதான் வேண்டுமென்றால், பொத்தானை அழுத்தினால் பால்போல மங்கிவிடும் சன்ஷைன் கன்ட்ரோல் உள்ளதை எடுங்கள். இருக்கையில் காற்றோட்டம் கண்டிப்பாகப் போடுங்கள். சில வேரியன்டில் அது தனிக் காசு. நம் வெயிலுக்கு அந்தக் காசு வீணில்லை.

விலை

2024 ஜூலையில் இங்கே வந்தபோது 4எஸ் 1.89 கோடி, டர்போ 2.53 கோடி, இரண்டும் எக்ஸ் ஷோரூம். வித்தியாசம் 64 லட்சம். அதற்கு வேகத்தில் கிடைப்பது சரியாக ஒரு நொடி. பிரேக், வீல், உள் அலங்காரமும் சேர்ந்து வருகின்றன என்றாலும், அவற்றில் நமக்கு வேண்டியதை மட்டும் 4எஸ்ஸில் தனியாகச் சேர்த்துக்கொண்டால் அந்த 64 லட்சத்தில் பெரும்பகுதி மிஞ்சுகிறது. இன்றைய விலை மாறியிருக்கும், கணக்குப் போடும் முறை இதுதான். ஒவ்வொரு வேரியன்டிலும் உங்களுக்கு வேண்டிய ஆப்ஷன்களைச் சேர்த்து, இறுதித் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். ஆரம்ப விலையை ஒப்பிடுவதில் பொருளில்லை.

கார் முழுதாக இறக்குமதி என்பதால் சுங்கவரி விலைக்குள்ளேயே இருக்கிறது. மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம், ஆடிட்டரிடம் ரசீதைக் கொடுக்க மறக்காதீர்கள். சாலை வரி விலக்கு அன்றைய தேதியில் இருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் மிச்சம் லட்சங்களில் வரும்.

இன்ஷூரன்ஸில் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தருவது) மட்டும் போதாது. அடித்தட்டில் கல் பட்டுப் பேட்டரி சேதமானால் உண்டா, வெள்ளத்தில் நின்றால் உண்டா, டயர் ரிம் உண்டா என்று மூன்றையும் பாலிசியில் வாசித்துப் பாருங்கள். ரோட்டில் நின்றால் தட்டு லாரியில் ஏற்றிப் போகும் உதவிக்கு எத்தனை கி.மீ. வரம்பு என்பதும் முக்கியம். நம் ஊரிலிருந்து சென்னை சர்வீஸுக்கு 420 கி.மீ. பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி எல்லா வேரியன்டுக்கும் ஒன்றுதான்.

விற்கும்போது என்ன வரும் என்பதையும் பேசிவிட வேண்டும். விலை உயர்ந்த மின்சாரக் கார்கள் முதல் சில ஆண்டுகளில் மளமளவென்று இறங்குகின்றன. இரண்டாம் கையில் வாங்குபவர் செராமிக் பிரேக்குக்கும் தோல் தையலுக்கும் நீங்கள் கொடுத்த காசைத் தரமாட்டார். பேட்டரி பெரியதா, எவ்வளவு நலமாக இருக்கிறது என்றுதான் கேட்பார்.

ஓட்டிப் பார்க்கும்போது

டர்போவை முதலில் ஓட்டாதீர்கள். அந்த உதைப்பை உடம்பு ஒருமுறை உணர்ந்துவிட்டால் மற்றது எல்லாம் மந்தமாகத் தோன்றும். அடிப்படை மாடல், அடுத்து 4எஸ், கடைசியில் டர்போ என்று போங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேகத்தடை, ஒரு உடைந்த சாலை, ஒரு யூ டர்ன் கேளுங்கள். வீட்டில் உள்ளவர்களைப் பின்னால் உட்காரவைத்து அரைமணி நேரம் ஓட்டுங்கள். அயித்தான் 4எஸ்ஸில் இருந்து இறங்கியதும், "இதுக்கு மேல எதுக்குடா நமக்கு?" என்றார். அதற்கப்புறம் டர்போவை ஓட்டினார், ரசித்தார், சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

தனியாகவோ இரண்டு பேராகவோ அதிகம் ஓட்டுபவர், நெடுஞ்சாலையில் அவசரமில்லாதவர், பெரிய பேட்டரியோடு அடிப்படை டைகானே எடுக்கலாம், அதிக தூரம் ஓடுவது அதுதான். குடும்பமும் மழைக்காலச் சாலையும் இருக்கிறவருக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் 4எஸ். ஓட்டுவதே ஆசையாக, டிராக்குக்குப் போகும் பழக்கமுள்ளவருக்கு டர்போ எஸ்.

கையெழுத்துப் போடும் நாளில் ஆர்டர் தாளை ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். பெரிய பேட்டரி, 19 அங்குல வீல், 14 வழி இருக்கை, காற்றோட்டம், தகடுக் கூரை, ஸ்மார்ட்லிஃப்ட். இந்த ஆறும் அச்சில் இருக்க வேண்டும், வாயில் சொன்னது கணக்கில் வராது. எங்கள் தாளில் காற்றோட்டம் விடுபட்டிருந்தது. அயித்தைதான் கேட்டார்கள், "அந்தக் காத்து வர்ற சீட்டு எழுதியிருக்கா தம்பி?" பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் புதுத் தாள் அச்சடிக்கச் சொன்னோம்.